லாரில் போய் லாரெத் வந்தது

ஷாம்பு, ஃபேஸ்வாஷ் பாட்டில்களில் 'எஸ்.எல்.எஸ். இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். ஏதோ விஷத்தை எடுத்துட்டாங்க போலிருக்கு என்று நாமும் கூடுதல் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

எஸ்.எல்.எஸ். என்றால் சோடியம் லாரில் சல்பேட். நுரை வரவைக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு கலந்து வெளியேற்றும் ரசாயனம். இதனால் புற்றுநோய் வரும் என்று 1990களின் கடைசியில் ஒரு இ-மெயில் உலகத்தைச் சுற்றியது. ஆதாரம் எதுவும் கிடையாது.

'அப்போ பயமே வேண்டாமா?' என்றால், அப்படியும் இல்லை. ஆய்வுக்காகத் தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க, தோல் நிபுணர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது இதே எஸ்.எல்.எஸ்.ஸைத்தான். அழுக்கு எண்ணெய் எது, தோல் தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் எண்ணெய் எது என்று அதற்குத் தெரியாது. தேய்த்து உடனே கழுவிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை இல்லை. தோலிலேயே தங்கினால்தான் வம்பு.

பிரிட்டனில் அது தங்கியது. அங்கே 'அக்வியஸ் கிரீம்' என்று ஒன்று. கரப்பான் உள்ள குழந்தைகளுக்குத் தோல் வறளாமல் இருக்க டாக்டர்களே பல வருஷமாக எழுதிக் கொடுத்த கிரீம். அதில் சுமார் 1 சதவிகிதம் எஸ்.எல்.எஸ்.! 2003-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், அந்தக் கிரீமைப் பூசியதில் பாதிக்கு மேற்பட்ட தடவை குழந்தைகளின் தோல் உடனடியாகப் பாதிக்கப்பட்டது தெரிந்தது. 2010-ல் பாத் பல்கலைக்கழக ஆய்வில் 6 பேர் 4 வாரம் பூசிப் பார்த்தார்கள். தோலின் மேலடுக்கு சராசரியாக 10 சதவிகிதத்துக்கும் மேல் மெலிந்திருந்தது. (ஆறு பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன்.) அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது 2013-ல். பத்து வருஷம்! 'மருந்துன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்று எந்த அம்மாவாவது பிள்ளையைச் சமாதானப்படுத்தியிருந்தால், அவர் மேல் என்ன தப்பு?

ஆக, தெரியவேண்டியது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் தோலில் இருக்கப்போகிறது என்பதுதான். முதல் கேள்விக்கு பாட்டிலில் பதில் கிடையாது. நம் நாட்டு விதிப்படி 1 சதவிகிதத்துக்கு மேலுள்ள பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தினால் போதும். அளவு போடவேண்டாம். பி.காம். படித்த எனக்கு இதுதான் ஜீரணிக்கவே முடியவில்லை. செலவுத் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதி, தொகையே போடாமல் கணக்கை நீட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

'இல்லாதது' பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சோடியம் லாரெத் சல்பேட் இருக்கும். லாரில் போய் லாரெத்! லாரெத் கொஞ்சம் சாது, உண்மைதான். அதையும் சல்பேட் என்றே முன்பக்கம் சொல்ல வேண்டியதுதானே? பின்பக்க எழுத்து என் கண்ணாடிக்கே எட்டவில்லை. கடைக்காரப் பையனைத்தான் படித்துச் சொல்லச் சொன்னேன்.