பூமி ஆடினால் என்ன பலன்?

பல்லி விழுந்தால் என்ன பலன் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ஒப்பிக்கும். பூமி ஆடினால் என்ன செய்யணும் என்று கேளுங்கள், பெரியவர்களே முழிப்பார்கள்.

25.9.2001 இரவு எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் பூகம்பம். எங்கள் பாபநாசத்திலும் அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்தன. "லாரி போகுதும்மா" என்றார் மாமியார். தெருவில் லாரியே இல்லை!

நம் பக்கம் இதெல்லாம் அபூர்வம்தானே என்று விட்டுவிட முடியுமா? 26.12.2004 காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே உண்டான பூகம்பத்தை சென்னையிலேயே பலர் உணர்ந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 'கரையை விட்டுப் போ' என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. இருந்தாலும் வீட்டில் சொல்லித் தர வேண்டியது நாம்தான். ஆடும்போது கனமான மேஜைக்கு அடியில் புகுந்துகொள். கண்ணாடி, அலமாரி பக்கம் நிற்காதே. நின்றதும் காஸை மூடிவிட்டு வெளியே வா. கடலோரமானால் யாரும் சொல்லட்டும் என்று காத்திராமல் மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான்!

கடலோர ஊர்களுக்குப் பெண் கொடுத்த தாய்மார்களே, சீர்வரிசையோடு இதையும் சொல்லி அனுப்புங்கள்.

- ஒரு வாசகி, பாபநாசம்.