பாதிப்பு எங்களுக்கு, கட்டணம் யாருக்கு?

மணிமங்கலம் என்றால் வரலாற்றுப் புத்தகத்தில் பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியை அடித்த ஊர். இராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் படிக்க ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். சேரிப் பக்கம் அவர்களுக்கு வேலையில்லை. இப்போது கையில் மனைப்பிரிவு வரைபடத்தோடு இன்னொரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கும் சேரியில் வேலையில்லை.

எங்கள் காலனியை ஒட்டியிருந்த வயல் மனைப்பிரிவு ஆகிவிட்டது. தார் ரோடு, ஓரத்தில் கால்வாய், வாசலில் வளைவு. மண்ணைக் கொட்டி எங்கள் தெருவைவிட இரண்டடி உயர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் கால்வாய் முடிகிற இடம் எங்கள் தெருமுனை. அடைமழை பெய்தால் அங்கே விழுந்த தண்ணீர் எங்க அம்மாவின் அடுப்பில் நிற்கும். மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அது அப்ரூவ்டு லேஅவுட்டுப்பா. கட்டவேண்டிய பணமெல்லாம் கட்டிட்டாங்க" என்றார் அங்கிருந்தவர். கட்டிட்டாங்க, சரி. எதுக்குக் கட்டினாங்க? யாருக்குப் போச்சு?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. நிலத்தை மனையாக்க, கட்டடம் எழுப்ப அனுமதி வாங்குகிறவர் வளர்ச்சிக் கட்டணம் கட்டவேண்டும். 2007இல் ஒரு திருத்தம் செய்து உள்கட்டமைப்பு, வசதிகள் கட்டணம் என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். விதிகள் 2008இல் வந்தன. இதற்குச் சட்டம் சொல்கிற காரணத்தைக் கவனிக்கவேண்டும்: வளர்ச்சியால் வருகிற பாதிப்பை எதிர்கொள்ள. அதாவது பாதிப்பு உண்டு என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் இந்தப் பணம் மாநில அளவிலான ஒரு நிதியில் போய்ச் சேர்கிறது. பாதிப்பு மணிமங்கலத்தில், பணம் கோட்டையில்.

கட்டுகிறவர் தன் மடியிலிருந்து கட்டுவதாகவும் நினைக்கவேண்டாம். அது வீட்டு விலையில் ஏறும், பிறகு வாடகையில் ஏறும். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகி, ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கும் நம் பிள்ளையும் இதில் பங்குக்காரன்தான்.

அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. நோலன் வழக்கு 1987இல், டோலன் வழக்கு 1994இல். 'என்னிடம் கேட்பதற்கும் நான் உண்டாக்கும் பாதிப்புக்கும் என்ன சம்பந்தம்? அளவு சரிதானா?' என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. கேட்டவர்கள் நிலச் சொந்தக்காரர்கள். கலிபோர்னியாவில் 1987இல் வந்த சட்டப்படி இப்படி வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். ஐந்தாண்டில் செலவாகாமல் கிடந்தால் எதற்காக வைத்திருக்கிறோம் என்று காரணம் காட்டவேண்டும், இல்லையேல் திருப்பித் தரவேண்டும். கொடுப்பவனுக்கு இவ்வளவு பாதுகாப்பு. பாதிப்பைச் சுமக்கிறவன் கேட்கவேண்டிய கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும்.

"நிலத்தைக் கேட்கவேண்டிய நாம் சாக்கடைக் காசைக் கேட்பதா?" என்று ஒரு தோழர் கோபப்பட்டார். கோபம் புரிகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஒதுக்கீடு. காரணையில் அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்தக் கோரிக்கையில் ஓரங்குலம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நிலம் கைக்கு வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. அடையாறு எங்கள் ஊர்ப்பக்கத்து ஏரிகளில்தான் பிறக்கிறது. வெள்ளம் சென்னைக்குள் போன பிறகுதான், 2015இல், நாட்டுக்கு அது செய்தி ஆயிற்று. பள்ளத்தில் குடிவைக்கப்பட்ட சேரிக்கு அது வருஷா வருஷம் நடப்பது. நம்மைப் பள்ளத்தில் வைத்தது சாதி. பள்ளத்தை இன்னும் ஆழமாக்குவது இந்த வளர்ச்சி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குக் கேட்கவேண்டும்.

நான் கேட்பது மூன்று. ஓர் ஊரில் கொடுத்த அனுமதிக்கு வாங்கிய கட்டணம் எவ்வளவு, எங்கே செலவானது என்று அந்த ஊர் கிராமசபையில் ஆண்டுதோறும் வாசிக்கவேண்டும். அதில் ஒரு பங்கு அந்த ஊருக்கே திரும்பவேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். அதற்குக் குறையாத பங்கு சேரியின் கால்வாய்க்கும் குடிநீருக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்பதை 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தில் அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த அளவுகோல் இந்த நிதிக்கும் வேண்டும். 'ஊருக்குப் பொது' என்று எழுதினால் அது ஊரோடு நின்றுவிடும், சேரிக்கு வராது. இது நமக்குப் புதுசா என்ன?

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும்போது, பக்கத்தில் முளைத்த மனைப்பிரிவு எத்தனை, ஆலை எத்தனை என்று எண்ணி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய கட்டணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். மழைக்கு முன்னால் போங்கள்.