நலம் நாடுவோம்: போக மறுக்கும் வயிற்றுக் கிருமியும் சலரோகமும்



ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குப் பல வருடங்களாகச் சலரோகம். வயிற்றெரிவுக்குச் சோதித்தபோது இரைப்பையில் கிருமி என்று சொல்லி மூன்றுவகைக் குளிசைகள் கொடுத்தார்களாம். குடித்து முடித்தும் எரிவு நிற்கவில்லை. "சீனி வருத்தக்காரருக்கு இந்தக் கிருமி போகவே போகாதா?" என்று கேட்கிறார்.

போகும். ஆனால் கொஞ்சம் கூடுதலாக மினக்கெட வேண்டும்.

ஹெலிகோபக்ரர் பைலோரி என்பது இக்கிருமியின் பெயர். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், றொபின் வாரன் என்ற வைத்தியர்கள் இதை வளர்த்துக் காட்டினார்கள். கவலையும் உறைப்பும்தான் குடற்புண்ணுக்குக் காரணம் என்றிருந்தவர்கள் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மிளகாய்த்தூளை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சலரோகக்காரருக்கு முதல் மருந்து தோற்பது மற்றவர்களைவிடச் சற்று அதிகம். புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் முன்பே பலதடவை அன்ரிபயோற்றிக் எடுத்திருப்பதால் கிருமி அவற்றுக்குப் பழகிவிடுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஊரில் துண்டில்லாமல் கடையில் வாங்கிக் குடித்ததும் இந்தக் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளரித்ரோமைசின் ஒருமுறை தோற்றால் அதையே திரும்பக் கொடுப்பது சரியல்ல. பெரும்பாலும் பிஸ்மத் சேர்ந்த நால்வகை மருந்தை 14 நாட்களுக்குக் கொடுப்பார்கள். வாய் கைக்கும், ஓங்காளிக்கும், மலம் கறுக்கும். நாலாம் நாள் நிறுத்திவிட்டு மிச்சத்தை அலுமாரியில் பத்திரப்படுத்துவது எம்மவர் வழக்கம். கிருமிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை! ரெற்றாசைக்கிளினைப் பாலுடனோ இரும்புச்சத்துக் குளிசையுடனோ விழுங்க வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது சீனி இறங்குவதற்குத்தான். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற சலரோகக் குளிசை எடுப்பவர் கிளரித்ரோமைசினும் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். லெவோபுளொக்சசினும் அப்படியே. ஓங்காளத்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு இன்சுலினை மட்டும் வழக்கம்போல ஏற்றினால் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டு கிழமையும் விரதம் வேண்டாம், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும். விரல் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் அடிக்கடி பாருங்கள். வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, பிறகு சாப்பிடுங்கள்.

சகோதரியின் கணவருக்குக் கிருமி இன்னும் இருக்கிறதா என்பதை எரிவை வைத்துச் சொல்ல முடியாது. மெற்போமினும் வயிற்றைக் குழப்பும். நீண்டகாலச் சலரோகத்தில் இரைப்பையின் வேகம் குறைந்து சாப்பாடு தேங்குவதும் உண்டு. மருந்து முடிந்து குறைந்தது 4 கிழமைகளின் பின் மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை கேளுங்கள். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் அது இருப்பதாகவே காட்டும். ஒமெப்பிரசோல் போன்றவற்றை 2 கிழமை முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். மூச்சுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் போகவேண்டும். ஆகவே அன்று காலை இன்சுலினையும் குளிசையையும் என்ன செய்வது என்று முதலே கேட்டுவையுங்கள்.

போகும்போது வீட்டிலுள்ள மருந்துப் பெட்டிகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்லாதீர்கள். தகப்பனின் வருத்தத்தை அது சுமக்கத் தேவையில்லை; மருந்தின் பெயரும் அதற்குப் புரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே சொல்லலாம்.

இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, மலம் தார்போலப் போய்த் தலை சுற்றினாலோ, பிஸ்மத்தால்தான் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.