குறிபார்க்க முடியாத துப்பாக்கி

கண் அறுவை அரங்கில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள் நான். தீபாவளிக்கு மறுநாள் வெடி பட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள். ஆனாலும் 2016 ஜூலையில் பத்திரிகைகளில் வந்த காஷ்மீர் எக்ஸ்ரே படங்கள் தூக்கத்தைக் கெடுத்தன. மண்டையோட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அத்தனையும் பெல்லட் துப்பாக்கியின் ரவைகள்.

ஒரு ரவை சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது கருவிழியைத் துளைத்து, லென்ஸைக் கிழித்து, விழித்திரை வரை போய்விடும். ரவையை எடுத்துவிடலாம், காயத்தைத் தைக்கலாம். விழித்திரை சிதைந்துவிட்டால் போன பார்வையை மீட்பது பெரும்பாடு. அப்போது மும்பையிலிருந்து ஸ்ரீநகர் போய் அறுவை செய்தவர்களில் விழித்திரை நிபுணர் எஸ். நடராஜனும் ஒருவர்.

2010 போராட்டங்களில் நூறு பேருக்கு மேல் செத்த பிறகு, உயிரிழப்பைக் குறைக்கவென்றே இந்தத் துப்பாக்கி காஷ்மீருக்கு வந்தது. 2016 ஜூலை 8 அன்று தீவிரவாதத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்டதும் பள்ளத்தாக்கு கொந்தளித்தது. 32 நாளில் சுமார் 13 லட்சம் ரவைகளைச் சுட்டதாக மத்திய ரிசர்வ் போலீஸ் படையே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இந்தத் துப்பாக்கியை எடுத்துவிட்டால் நிஜத் தோட்டாவால் சுட நேரிடும், சாவு கூடும் என்றும் வாதிட்டது.

கல்லடி பட்டு மண்டை உடைந்த காவலர்களும் உண்டு. அவர்களுக்குத் தற்காப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடுப்புக்குக் கீழே சுட வேண்டும் என்ற விதி இந்தத் துப்பாக்கிக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான ரவைகள். குழாயை விட்டு வெளியேறியதும் விரிந்து பரவும். கல் எறிந்தவன், வேடிக்கை பார்த்தவன், ஜன்னலோரம் நின்ற பள்ளிச் சிறுமி என்று அதற்குப் பேதம் தெரியாது. ரவைகள் மேலே எழாதிருக்க 2017-ல் குழாய் முனையில் தடுப்பு பொருத்தினார்கள். அதன் பிறகும், 2018 நவம்பரில், காஷ்மீரின் சோபியானில், இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் கண்ணில் ரவை பாய்ந்தது.

லத்தியிலும் கண்ணீர்ப்புகையிலும் கையாளுபவரைத் திருத்தலாம். இதில் கோளாறு கருவியிலேயே இருக்கிறது. எந்தப் பயிற்சியும் அதைச் சரிசெய்யாது. கூட்டத்தைக் கலைக்கும் ஆயுதங்களின் பட்டியலிலிருந்து பெல்லட் துப்பாக்கியை மத்திய அரசு அடியோடு நீக்க வேண்டும்.