சிந்தும் எண்ணெய் சிறிதல்ல

கடலில் எண்ணெய் என்றவுடன் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவது எரியும் கப்பலே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் கடலுள் அமிழ்ந்தது. அதனால் விளைந்த கேட்டிற்காக 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தப்பட வேண்டுமென்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நாடு முழுவதும் வரவேற்றது, நாமும் வரவேற்றோம். ஆயினும் இவ்வாரம் நாம் எழுதப் புகுந்தது பெருங்கப்பலைப் பற்றியன்று. குருநகரிலும் பாசையூரிலும், மயிலிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும், குறிகட்டுவானிலும் நாள்தோறும் வள்ளத்திற்கு எண்ணெய் வார்க்கும்பொழுது கானின் வாயிலிருந்து நழுவி நீரில் விழும் அந்த அரைக் கிண்ண எண்ணெயைப் பற்றியே எழுதுகின்றோம்.

இது ஒரு தலையங்கத்துக்குரிய பொருளா என்று சிலர் வியக்கலாம். நாட்டில் தீர்க்கப்படாத பிரச்சினைகள் மலைபோற் குவிந்திருக்க, சிந்திய மண்ணெண்ணெயைப் பற்றிப் பேசுவதா என்று வேறு சிலர் சினக்கவுங்கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் எமது கணக்கைக் கேட்பார்களாக.

நீரின் மேல் விழுந்த எண்ணெய் விழுந்த இடத்தில் நிற்பதில்லை. அது பரவிக்கொண்டே போய், வானவில் நிறங்காட்டும் மெல்லிய படலமாகிறது. அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு எனக் கொண்டால், ஒரு லீற்றர் எண்ணெய் மூடும் பரப்பளவு 1,000 சதுர மீற்றர். எமது கமக்காரருக்கு விளங்கும் அளவையிற் சொன்னால் ஏறத்தாழ நான்கு பரப்புக் காணி. ஒரு துறையில் ஐம்பது வள்ளங்கள் தலைக்குக் கால் லீற்றர் வீதம் சிந்தினால், ஐம்பது பரப்பு நீர்ப்பரப்பின்மேல் அப்படலம் படர்ந்துவிடும். பெருங்கடலாயின் அலையும் காற்றும் அதனைக் கலைத்துவிடும். யாழ்ப்பாணக் கடனீரேரியோ ஆழமற்றது. வெளிக்கடலோடு நீரை மாற்றிக்கொள்ளும் வாய்களும் ஒடுங்கியவை. அங்கு விழுந்தது அங்கேயே கிடக்கும். கண்டல் மரங்களின் மூச்சுவேர்களிற் படியும்; இறாற் குஞ்சும் மீன் முட்டையும் வளரும் தாழைகளில் ஒட்டும். நீரின் மேற்பரப்பில் மிதக்கும் முட்டைகளும் குஞ்சுகளுமே எண்ணெயின் நஞ்சுக்கு முதலிற் பலியாகின்றன. இன்றைய சிந்தல் நாளைய வலையின் வெறுமை என்பது வெறும் அலங்காரப் பேச்சன்று.

இத்தகைய சிறு சிந்தல்களே உலகெங்கும் பெருங்கேடாய்த் திரண்டிருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் செயலால் வட அமெரிக்கக் கடல்களிற் சேரும் எண்ணெயில் ஏறத்தாழ 85 சதவீதம் தரையிலிருந்து வழிந்தோடுவதாலும் மாசடைந்த ஆறுகளாலும் விமானங்களாலும் சிறு படகுகளாலும் வருவதாகும். எண்ணெய்க் கப்பல்களும் குழாய்களும் உடைந்து கொட்டுவது 8 சதவீதத்திலும் குறைவு. செய்தித்தாள்களின் முதற் பக்கத்தைப் பிடிப்பது அந்த எட்டு. எவர் கண்ணிலும் படாமல் கடலைக் கெடுப்பது அந்த எண்பத்தைந்து.

கடலின் கதை இதுவாயின், நிலத்தின் கதை இன்னும் கொடிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறுங்கூட மாரியில் மட்டும் ஓடும். எமக்குள்ள நீரெல்லாம் மழையாய் விழுந்து, சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளினூடே இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கும் நன்னீரே. நிலாவரைக் கிணற்றிலும் கீரிமலைக் கேணியிலும் நாம் காண்பது அந்தக் கல்லினுள் நீர் நடமாடும் வழிகளின் வாய்களையே. மழைநீர் இலகுவாக இறங்கும் அதே வழியில் எண்ணெயும் இலகுவாக இறங்கும். இறங்கியதை மீட்டெடுக்க வழி காண்பது மிகக் கடினம்.

இதனை எமக்குக் கற்பித்த ஊர் சுன்னாகம். அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் குடிநீருக்காகப் பவுசர்களை எதிர்பார்த்து நின்றதையும், நீதி கேட்டுத் தெருவில் இறங்கியதையும் எவரும் மறந்திருக்க முடியாது. இறுதியில் 2019 ஏப்ரில் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டின் மேல் நின்று, நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனப் பணித்தது. நீதி கிடைத்தது, உண்மை. ஆனால் இரண்டு கோடி ரூபாவும் ஒரு கிணற்று நீரை முன்போல் ஆக்கித் தரமாட்டாது. நீதிமன்றம் நட்டத்துக்கு விலை குறிக்கலாம். நீரைத் திருப்பித் தரும் ஆற்றல் அதற்கில்லை.

சட்டம் பயின்றோர்க்கு இங்கே இன்னொரு வழக்கு நினைவுக்கு வரும். இங்கிலாந்திலே தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில், பீப்பாக்களிலிருந்து யந்திரத்துக்கு இரசாயனத் திரவம் ஊற்றும்பொழுது சிறிது சிறிதாகத் தரையிற் சிந்தியது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்கிற் சிந்திய அத்துளிகள் சீமெந்துத் தரையைத் துளைத்து, அடியிலிருந்த சுண்ணக் கற்படையில் இறங்கி, 1.3 மைல் தூரம் நகர்ந்து, கேம்பிரிட்ஜ் குடிநீர்க் கம்பனியின் ஆழ்கிணற்றை அடைந்தன. ஊருக்கு நீர் வழங்கிய கிணறு கைவிடப்பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, 1993 டிசெம்பரில் தீர்ப்பாயிற்று. தொழிற்சாலை பொறுப்பன்று என்பதே தீர்ப்பு! காரணம், தரையிற் சிந்திய சிறு துளி அவ்வளவு தொலைவிலுள்ள கிணற்றைக் கெடுக்குமென்று அக்காலத்தில் எவரும் முன்னறிந்திருக்க முடியாது என்பதாம்.

ஆங்கிலத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயத்தை எமது மண்ணிற் பொருத்திப் பார்த்தால் வெளிப்படுவது என்ன? ‘அறியோம்’ என்பதே அங்கே எதிர்வாதமாக நின்றது. சுண்ணக் கல்லின் மேல் வாழும் நாம், சுன்னாகத்தைக் கண்ட பின்னர், ‘அறியோம்’ என்று சொல்ல முடியுமா? இனிச் சிந்துகின்ற ஒவ்வொரு துளியும் அறிந்து சிந்திய துளியே.

மற்றுமொரு நியாயம் உண்டு. நீதி கோரி வருபவன் தூய கரங்களுடன் வரவேண்டும் என்பது பழைய சட்டவாக்கு. நாளை இன்னொரு பெரு நிறுவனம் எமது நீரைக் கெடுத்தால், ‘இது எமது எண்ணெயன்று, துறையிலும் தோட்டத்திலும் இவர்களே சிந்தியது’ என்று அதன் சட்டத்தரணி வாதிடுவார். நாலா பக்கமும் எண்ணெய் சிந்திக் கிடக்குமிடத்தில் எவன் குற்றவாளி என்று எண்பிப்பது கடினம். எமது சிறு கவனயீனம் பெருங் குற்றவாளிக்குப் புகலிடமாகிவிடக் கூடாது. பெரியவர்களைக் கேள்வி கேட்கும் வலிமையை இழக்காதிருக்கவே சிறிய காரியத்தில் நாம் ஒழுங்காயிருத்தல் வேண்டும்.

இனி, செய்யத்தக்கது யாது? பெரும்பணம் தேவையில்லை, பழக்கம் மாறினாற் போதும்.

வள்ளத்தினின்று கழற்றக்கூடிய தாங்கியாயின், அதனைக் கரைக்குக் கொண்டுவந்து நிலையான இடத்தில் வைத்து நிரப்புக. ஆடும் வள்ளத்தில் நின்று, ஒரு கையாற் கானைத் தூக்கி மறு கையாற் புனலைப் பிடித்து வார்ப்பதே சிந்தலின் முதற் காரணம். வாயகன்ற புனலும், அடியில் ஒரு தகரத் தட்டமும், கழுத்தைச் சுற்றி ஒரு பழந்துணியும் இருந்தால் வழிவது நீரிற் சேராது. வாயால் உறிஞ்சிக் குழாயில் எண்ணெய் இறக்கும் வழக்கம் உடலுக்கும் கேடு, கடலுக்கும் கேடு. கைப்பம்பி ஒன்று போதும்.

தாங்கியை விளிம்புவரை நிரப்பலாகாது; பத்திலொரு பங்கு வெற்றிடம் விடவேண்டும். எண்ணெய் வெப்பத்தால் விரிவது. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் நூறு லீற்றர் ஏறத்தாழ ஒரு லீற்றரால் கூடும். விடியற்குளிரில் தளும்ப நிரப்பிய தாங்கி நண்பகல் வெயிலிற் காற்றுத் துளையால் வழிவது இதனாலேயே. பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய படகுகளில் எண்ணெய் ஏற்றும்போது காற்றுக் குழாயருகே ஒருவர் நின்று காதாலும் கண்ணாலும் காவல் செய்ய வேண்டும். குழாயைச் செருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது குற்றம் எனவே கருதப்படல் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் கனத்தது. அது படகின் அடியில் தேங்கி நிற்கும். ஆகவே சிந்தலைத் தடுப்பது உயிரைக் காப்பதுமாகும்.

தப்பித் தவறிச் சிந்திவிட்டால் சவர்க்காரத் தூளைக் கொட்டிப் படலத்தை மறைப்பவர்கள் உண்டு. இதனினும் பெரிய தவறு வேறில்லை. படலம் கண்ணுக்கு மறைகிறதேயன்றி, எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீருக்குள் இறங்கிக் குஞ்சு மீனின் வாய்க்குப் போகிறது. மரத்தூளோ தும்புத்தூளோ பழஞ்சாக்கோ கொண்டு ஒற்றி எடுத்து, நெருப்புக்கு அப்பால் மூடிய வாளியில் இடுவதே முறை. வள்ளத்தின் அடியிற் தேங்கும் எண்ணெய் கலந்த நீரையும் அவ்வாறே ஒற்றிய பின்னர்தான் இறைத்தல் வேண்டும்.

கமக்காரருக்கும் இதே சொல். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் கிணற்றடியில் எண்ணெய்க்கு இடமிருக்கவில்லை. இன்று மண்ணெண்ணெய் யந்திரம் கிணற்றுக் கட்டின்மேலேயே அமர்ந்திருக்கிறது. அதற்கு எண்ணெய் வார்ப்பதும் அங்கே. பழைய ஒயிலை மாற்றுவதும் அங்கே. யந்திரத்தைக் கிணற்று வாயிலிருந்து அப்பால் ஒரு தட்டத்தின்மேல் வைத்து, நிரப்புவதையும் திருத்துவதையும் கட்டுக்கு வெளியே செய்தால் குடிக்கும் நீர் பிழைக்கும். வேலிக் கட்டையிற் கறையான் பிடியாதிருக்கப் பழைய ஒயிலை ஊற்றுவதும் நிறுத்தப்பட வேண்டும். வேலியடியில் ஊற்றியது மாரியிற் கிணற்றடிக்கு வரும்.

ஏழைத் தொழிலாளியின் மேல் இன்னொரு சுமையா என்று கேட்பாருளர். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது எமது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை நாம் அறிவோம். அந்த விலைக்கே கணக்கிடுக: நாளொன்றுக்குக் கால் லீற்றர் சிந்தினால், மாதம் இருபது நாள் தொழிலில் ஐந்து லீற்றர், 1,700 ரூபா கடலிற் போயிற்று. சிந்தாதிருப்பது சுமையன்று, மிச்சம்.

ஆனால் தொழிலாளிக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு ஆள்வோரை விட்டுவிடுவது எமது நோக்கமன்று. 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதனைச் செயற்படுத்தக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையும் இருக்கிறது. பழைய ஒயிலைக் கடலில் ஊற்றாதே என்று சட்டம் சொல்லலாம். ஊற்றுவதற்கு வேறிடம் தராத சட்டம் அரைச் சட்டமே. ஆதலால் நாம் கேட்பது இது: ஒவ்வொரு இறங்குதுறையிலும் மூடியுள்ள ஒரு கழிவெண்ணெய்ப் பரலும், ஒரு மூடை மரத்தூளும், எண்ணெய் வார்ப்பதற்குச் சீமெந்தினால் வரம்பு கட்டிய ஒரு தளமும் அமைக்கப்படல் வேண்டும். பரலை மாதந்தோறும் எடுத்துச் செல்லும் பொறுப்பை 2025 மே மாதத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதேச சபைகளும் மாநகர சபையும் ஏற்க வேண்டும். துறையில் ஒழுங்கைக் காக்கும் உரிமை பொலிசாருக்கன்றிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே இருக்கட்டும். தம்மவர் சொல்லைக் கேட்குமளவுக்கு எமது மக்கள் தடியைக் கேட்பதில்லை. உல்லாசப் பயணிகளை ஏற்றும் படகுகளுக்கு அனுமதி வழங்குவோர், சிந்தாமல் எண்ணெய் நிரப்பும் ஏற்பாட்டை அனுமதியின் நிபந்தனையாக்குதல் வேண்டும். பறிமுதல் செய்யப்பட்டு மயிலிட்டித் துறையிற் கட்டிவைக்கப்படும் இந்திய இழுவைப் படகுகளின் வழக்கு எவ்வாறு முடியினும், அவற்றின் தாங்கிகளிலுள்ள எண்ணெய் பறிமுதல் நாளிலேயே இறக்கப்படல் வேண்டும். சான்றுப் பொருள் என்ற பெயரில் அவை துருப்பிடித்துக் கசிவதற்கு எந்த நீதிமன்றமும் கட்டளையிட்டதில்லை.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய பகுதியும் சிறிதே. ஒரு பரல், ஒரு தட்டம், ஒரு புனல், ஒரு மூடை மரத்தூள், இவற்றைத் தேடுவது எந்தச் சங்கத்தின் சக்திக்கும் அப்பாற்பட்டதன்று. அரசு தரவேண்டியதை நாம் விடாது கேட்போம். நாமே செய்யக்கூடியதை, வரும் சங்கக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் துறையிலும் தோட்டத்திலும் தொடங்குவோம். ஆற்றைத் தராத இயற்கை எமக்குத் தந்தது ஒரு நன்னீர் வில்லையும் ஒரு கடனீரேரியும் மாத்திரமே. அவ்விரண்டையும் கெடாமற் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது எமது கடன்.