ஆடியவர், ஆட வைத்தவர்

ஆரணி என்றால் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். அந்த ஊரில் 1950-ம் ஆண்டு பிறந்தவர் வாசுதேவன் பாஸ்கரன். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார். கையில் ஆக்கி மட்டையைப் பிடித்தார். அந்த மட்டை அவரை உலகம் சுற்ற வைத்தது.

1976-ல் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்திய அணியில் பாஸ்கரன் ஆடினார். இந்தியாவுக்கு 7-வது இடமே கிடைத்தது. அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் இந்திய ஆக்கி அணி பதக்கம் இல்லாமல் திரும்பியது கிடையாது. நாடே தலை குனிந்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக். இந்த முறை பாஸ்கரன்தான் கேப்டன்!

மாஸ்கோவில் தங்கம்

சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து, பல நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆக்கியில் 6 அணிகள் மட்டுமே மோதின. தான்சானியாவை 18-0 என்று இந்தியா தோற்கடித்தது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் தலா 2-2 என்று சமன் செய்தது. கியூபாவுக்கு 13 கோல்கள் போட்டது.

ஜூலை 29-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரி மறுபடியும் ஸ்பெயின். இந்தியா 3-0 என்று முந்தியது. ஸ்பெயின் விடவில்லை. கோல் மேல் கோல் போட்டு நெருங்கி வந்தது. பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கடைசியில் 4-3 என்று இந்தியா ஜெயித்தது. 8-வது தங்கப் பதக்கம்! அதை வாங்கிக் கொடுத்த அணியின் தலைவர் ஒரு தமிழர். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கோட்டுக்கு வெளியே

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் இனிக்கும். ஆனால் பாஸ்கரன் ஒதுங்கி உட்காரவில்லை. தனக்குத் தெரிந்ததை இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தார். பயிற்சியாளர் ஆனார்.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். போலந்துடன் ஒரு பந்தயம். ஜெயித்தால் அரை இறுதி. இந்தியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. பந்தயம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. அப்போது போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. அரை இறுதி கை நழுவியது. முடிவில் 7-வது இடம்.

2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பை. 12 அணிகளில் இந்தியாவுக்கு 11-வது இடம். அப்போதும் பயிற்சியாளர் அவர்தான். தங்கம் வென்ற மனிதரை ஊரெல்லாம் குறை சொன்னது.

தப்பு யார் மேல்?

கேப்டன் ஓடலாம், பந்தைத் தடுக்கலாம். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அவரிடம் வந்து சேரும் ஆட்டக்காரனுக்கு இருபது வயது ஆகியிருக்கும். அவன் மட்டை பிடிக்கும் விதமும் ஓடும் விதமும் பத்து வயதிலேயே படிந்து போனவை.

ஆட்டமும் மாறிவிட்டது. முன்பு புல் தரையில் ஆடினார்கள். பந்தை மட்டையோடு ஒட்டி, வளைத்து வளைத்துக் கொண்டுபோவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். மாண்ட்ரீலில்தான் முதன்முதலாக ஒலிம்பிக் ஆக்கி செயற்கைத் தரையில் நடந்தது. அதில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். வேகமும் தேக பலமும் அதிகம் வேண்டும். பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் அந்தத் தரையைப் போட்டன. நம் பிள்ளைகளோ மண்ணிலும் புல்லிலும் பழகிவிட்டு, பெரிய பந்தயத்துக்கு மட்டும் அங்கே போய் நின்றார்கள். இந்தக் குறையை ஒரு பயிற்சியாளர் சில மாதங்களில் தீர்க்க முடியுமா?

எலுமிச்சை சொல்லும் பாடம்

புளியங்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சைக்குப் பேர் போன ஊர் அது. கன்று நட்ட வருஷமே யாரும் பழம் பறிப்பதில்லை. மூன்று நான்கு வருஷம் தண்ணீர் பாய்ச்சிக் காத்திருக்க வேண்டும். காய்க்கவில்லை என்று அடிக்கடி தோட்டக்காரரை மாற்றினால் மரம் காய்த்துவிடாது. இந்திய ஆக்கி பல ஆண்டுகள் அந்தத் தப்பைத்தான் செய்தது. தோற்றதும் பயிற்சியாளரை மாற்றியது.

2018 முதல் ஒடிசா அரசு இந்திய அணியைத் தாங்கி நின்றது. பயிற்சியாளர் கிரகாம் ரீடுக்கு 2019 முதல் அவகாசம் கிடைத்தது. 2021-ல் டோக்கியோவில் வெண்கலப் பதக்கம் வந்தது. ஒலிம்பிக் ஆக்கிப் பதக்கத்துக்கு நாடு 41 ஆண்டுகள் காத்திருந்தது! 2024-ல் பாரிசிலும் வெண்கலம் கிடைத்தது.

பக்கத்து ஊரைப் பாருங்கள்

புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் பெற்ற ஊர். ஆக்கிக்கும் அது பேர் பெற்றது. அங்கே தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், பேரனும் ஆடுகிறான். ஆடி முடித்த பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். அரியலூர் கார்த்தியும் அதே அணியில் இருந்தார். அந்த அணி வெண்கலம் வென்றது.

கோவில்பட்டி மண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஊரிலும் பழைய ஆட்டக்காரர் ஒருவராவது இருப்பார். கபடியோ, கால்பந்தோ, கைப்பந்தோ ஆடியிருப்பார். இன்று கடையில் உட்கார்ந்திருப்பார். அவரை அழைத்து மாலையில் இருபது பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும். அவர் கேட்பதற்கு முன் அவருக்கு ஒரு சம்பளமும் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குப் பறிக்கக் கூடாது.

"விளையாடினால் சோறு கிடைக்குமா?" என்று தாய் தந்தையர் கேட்பது நியாயம்தான். ரயில்வேயிலும் போலீசிலும் பாங்கிகளிலும் ஆட்டத்தால் வேலை பெற்றவர்கள் பலர். வேலை கிடைக்காவிட்டாலும் திடமான உடம்பு மிஞ்சும். தோற்றால் அழாமல் எழுந்து நிற்கும் மனசும் மிஞ்சும்.

பாஸ்கரன் பயிற்சியாளராக வந்திருக்காவிட்டால் அவர் பேருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. தங்கத்தைக் காட்டியே காலம் கழித்திருக்கலாம். பழி வரும் என்று தெரிந்தும் அவர் மைதானத்துக்கு வந்தார். அப்படி வருகிறவர்களுக்கு ஊர் செய்ய வேண்டிய மரியாதை ஒன்றுதான். கன்று காய்க்கும் வரை காத்திருக்க வேண்டும்.