திறவுகோல் எவர் கையில்?

படையெடுத்து ஒரு நாட்டைப் பிடிப்பது ஒருநாள் வேலை. பிடித்த நாட்டைக் கைக்குள் வைத்திருப்பதற்கோ கணக்கு வேண்டும். திண்டுக்கல் மக்களுக்கு இதனைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1792-ஆம் ஆண்டில் திப்புவுடன் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கும்பினியின் தண்டல் அலுவலராகிய அர்டிசு என்பார் இங்குள்ள நிலத்தை அளந்தார், மண்ணைத் தரம் பிரித்தார், வரியை வகுத்தார். கணக்கு எவன் பெட்டியில் இருந்ததோ அவனே ஆள்பவன் ஆனான். உழுதவன் அவன் கணக்கில் ஒரு வரியானான். அந்தக் கும்பினி ஒரு வணிகக் குழு என்பதைத் தமிழர்கள் ஒருபொழுதும் மறத்தல் ஆகாது.

அன்று கணக்கு என்று பெயர். இன்று தரவு என்று பெயர். நம் பெயர், பிறந்த நாள், கைவிரல் வரி, கருவிழி, குடும்ப அட்டை, நிலத்தின் பட்டா எண், அதில் நட்ட பயிர், வைப்பகக் கணக்கு, ஊர்தியின் எண் ஆகிய யாவும் இன்று கணிப்பொறிக்குள் கிடக்கின்றன. இவற்றைத் தொகுத்து, இணைத்து, பகுத்தாய்ந்து தரும் வேலையை அரசுகள் 'டெண்டர்' என்று ஊர் வழங்கும் ஒப்பந்தப்புள்ளி வழியாகத் தனியார் நிறுமங்களுக்கு விடுகின்றன. வணிக உலகம் இதனை 'வாய்ப்பு' என்று சொல்லி மகிழ்கின்றது. எவர்க்கு வாய்ப்பு? எவருடைய பொருளின்மேல் வாய்ப்பு? இவ்விரண்டு வினாக்களையுமே நாம் கேட்க வந்துள்ளோம்.

வாய்ப்பின் அளவை முதலில் பாருங்கள். சரக்கு, பணிகள் வரிக்கான கணிப்பொறி வலையமைப்பை 2015-இல் இன்போசிசு நிறுமம் 1,380 கோடி உரூபாவுக்குப் பெற்றது. வரி கட்டுவோரின் செலவுகளையும் வரவுகளையும் ஒப்பிட்டு ஆராயும் வேலையை 2016-இல் எல் அண்டு டி இன்போடெக்கு நிறுமம் 650 கோடி உரூபாவுக்குப் பெற்றது. புதிய வருமான வரித் தளத்துக்கென 4,242 கோடி உரூபாத் திட்டத்திற்கு 2019-இல் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது, அதுவும் இன்போசிசுக்கே. அதற்கு முன்னரே, 2010-இல், ஆதாருக்காக நம் கைவிரல் வரியையும் கருவிழியையும் ஒப்புநோக்கும் வேலை அக்செஞ்சர், எல்-1, மார்போ ஆகிய அயல்நாட்டு நிறுமங்கள் இடம்பெற்ற மூன்று அணிகளுக்குத் தரப்பட்டது. தமிழன் விரல்தான் மை. அயலான் ஏடுதான் கணக்கு!

சரி, தரவு போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பார் உளர். அவர்களுக்கு 2019-ஆம் ஆண்டைக் காட்டுவோம். நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்துத் துறை, ஊர்திப் பதிவுத் தரவை மொத்தமாக விற்பதற்கு அவ்வாண்டில் ஒரு கொள்கையே வகுத்தது. வணிக நிறுமம் ஆண்டுக்கு 3 கோடி உரூபா கட்டினால் போதும்; நாட்டு மக்களின் ஊர்திப் பதிவேடு கைக்கு வரும். 87 தனியார் நிறுமங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் தரவு தரப்பட்டதென்றும், அதனால் 65 கோடி உரூபா வந்ததென்றும் அத்துறை அமைச்சர் 2019-இல் மாநிலங்களவையிலேயே சொன்னார். 2020-இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. கொள்கையைத் திரும்பப் பெறலாம். விற்ற தரவைத் திரும்பப் பெற இயலுமா? சிந்திய பாலை எந்த ஆணையால் கறவை மடிக்குள் ஏற்றுவது?

இனி, திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். ஒட்டன்சத்திரத்தின் காய்கறியும், நிலக்கோட்டையின் பூவும், நத்தத்தின் மாவும் இம்மாவட்டத்து உழவன் கையிலுள்ள செல்வங்கள். தக்காளி எத்துணைக் குறுக்கத்தில் நடப்பட்டுள்ளது, எந்தக் கிழமை அறுவடைக்கு வரும், எந்த உழவன் எவ்வளவு கடன்பட்டுள்ளான் என்னும் மூன்று செய்திகளையும் அறுவடைக்கு முன்பே அறிந்த வாங்குபவன் ஒருவன் இருந்தால், விலையை எவன் வைப்பான்? உழவன் தன் நிலத்தை மட்டும் அறிவான். அவனோ மாவட்டத்து நிலம் முழுவதையும் அறிவான். ஏற்றி வந்த கூடையை இறக்குமுன்னரே உழவன் தோற்றுவிடுகின்றான். இதுவே தரவின் வணிக மதிப்பு. ஆகவேதான் பெருங்குழுமங்கள் வயல் வரப்பைத் தேடி வருகின்றன.

2021-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். உழவர் தரவுத் தொகுப்பை அமைக்கும் வேலைக்காக மைக்குரோசாப்ட்டு, அமேசான், சிசுகோ, சியோ, ஐ.டி.சி., பதஞ்சலி முதலிய நிறுமங்களுடன் நடுவண் வேளாண் அமைச்சகம் உடன்படிக்கை செய்தது. ஓராண்டுக் காலம் கட்டணமின்றி முன்னோட்டம் செய்து காட்டுவதென்பது ஏற்பாடு. உரம் விற்பவனும், விளைச்சல் வாங்குபவனும், இணையக் கடை நடத்துபவனும் கூலியின்றி உழவனுக்கு உழைக்க வருகின்றானாம்! காசு வாங்காமல் களத்துக்கு வருகின்றவன் வேறு எதையோ அள்ளிச் செல்லவே வருகின்றான் என்பது எந்தக் களத்துமேட்டிலும் தெரிந்த உண்மை. உழவர் அமைப்புகளும் உரிமை அமைப்புகளும் அப்பொழுதே எதிர்ப்புத் தெரிவித்தன.

தமிழ்நாட்டில் 2024-இன் இறுதியில் பயிர்க் கணக்கைக் கைப்பேசியில் பதிவு செய்யும் வேலை தொடங்கிற்று. சிற்றூர் நிருவாக அலுவலர்கள் சுமை தாங்காது என்று மறுக்கவே, வேளாண் கல்லூரி மாணாக்கரைக் காட்டிலும் மேட்டிலும் இறக்கினார்கள். 2025-இல் ஒவ்வோர் உழவருக்கும் தனி அடையாள எண் தரும் பதிவு நடந்தது. எண் இல்லையேல் உதவித் தொகை இல்லை என்றும் சொல்லப்பட்டது. கணக்கெடுப்பதை நாம் எதிர்க்கவில்லை; அடங்கல் எழுதாத அரசு ஆள இயலாது. எழுதிய அடங்கல் எவர் பெட்டியில் தங்கும், அதை எவர் திறப்பர் என்பதே நம் வினா.

பெட்டியின் திறவுகோல் தவறிய கையில் இருந்தால் நேர்வது என்ன என்பதைத் தமிழ்நாடு 2020-இல் கண்டது. உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 உரூபா தரும் நடுவண் அரசுத் திட்டத்தில், உழவரல்லாதார் 5 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் புகுத்தப்பட்டனர். ஏறத்தாழ 110 கோடி உரூபா பறிபோயிற்று. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்கள் இதில் முன்னின்றன. நடந்தது என்ன? அலுவலர்க்கு மட்டும் உரிய கடவுச்சொல் ஒப்பந்தப் பணியாளர் கைக்கும் தரகர் கைக்கும் போயிற்று. அலுவலர் கையில் இருக்கவேண்டிய திறவுகோலை ஒப்பந்தக்காரன் இடுப்பில் செருகினால் இதுவன்றி வேறென்ன விளையும்?

திண்டுக்கல் பூட்டூர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இவ்வூர்ப் பூட்டு. ஒன்றின் திறவுகோல் மற்றொன்றைத் திறவாது என்பதே இவ்வூர்த் தொழிலாளியின் கைப்பெருமை. பூட்டைச் செய்தவன் திறவுகோலை உரியவன் கையில் கொடுத்துவிட்டுக் கூலியுடன் போகவேண்டும். படியொன்றை மடியில் வைத்துக்கொண்டால் அவனைத் தொழிலாளி என்று எவரும் சொல்லமாட்டார். அந்த எளிய ஒழுக்கத்தைத்தான் கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் தரவு நிறுமங்களிடமும் கேட்கின்றோம்.

சட்டம் இருக்கின்றதே என்பர். ஆம், 2023-இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. அவற்றுள்ளும் தலையாய கடமைகள் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருவன. அரசு உதவி வழங்குவதற்காகத் தன் ஏட்டிலுள்ள தரவைப் பயன்படுத்த, மக்களிடம் புதிதாக இசைவு கேட்கவேண்டியதில்லை என்று அச்சட்டம் வழிவிடுகின்றது. வெளி நிறுமத்தை அமர்த்துவதாயின் முறையான ஒப்பந்தம் வேண்டும் என்கின்றது. ஆகவே, நிறுமத்தின் கையைக் கட்டும் தலையாய கயிறு அவ்வொப்பந்தத் தாளே. அந்தத் தாளை வேடசந்தூர் உழவன் படிக்க இயலுமா? இயலாது; அது ஆங்கிலத்தில் இருக்கின்றது.

இங்கிலாந்தில் 2023-இல் பொது மருத்துவப் பணியின் தரவுத் தளம் பலாந்திர் என்னும் அமெரிக்க நிறுமத்தின் தலைமையிலான அணிக்கு ஏழாண்டுக்கு 33 கோடிப் பவுண்டுக்குத் தரப்பட்டது. அவ்வொப்பந்தம் வெளியிடப்பட்டபொழுது பெரும்பகுதி கருமை பூசி மறைக்கப்பட்டிருந்தது. மருத்துவர்களும் பொதுமக்களும் கொதித்தெழுந்தனர். அங்கே மறைப்பதற்குக் கருமை வேண்டியிருந்தது. இங்கே அதுவும் வேண்டா. நம் மக்களுக்கு ஆங்கிலமே கருமை பூசிய தாள்!

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகளை வெளிப்படையாக்கும் சட்டம் 1998-இல் வந்தது. மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழுக்கும் அதில் இடமுண்டு. கணிப்பொறியில் தமிழுக்கு ஒருங்குறியை அரசே 2010-இல் ஏற்றது. இத்தனைக்குப் பின்னும் கணிப்பொறி வேலைக்கான ஒப்பந்த ஆவணங்கள் நூறும் இருநூறும் பக்கங்களாக ஆங்கிலத்திலேயே வருகின்றன. தரவின் உள்ளும் அதே நோய். லகர, ளகர, ழகரங்களை ஆங்கில எழுத்தில் போட்டு ஒன்றாக்கிவிடுகின்றார்கள். தந்தை பெயரின் தலையெழுத்தை முன்னிடும் நம் வழக்கத்தை அறியாத படிவம், குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கின்றது. ஆதாரில் ஒரு வகை, பட்டாவில் ஒரு வகை, வைப்பக ஏட்டில் ஒரு வகை எனப் பெயர் சிதைகின்றது. பெயர் பொருந்தவில்லை என்று கணிப்பொறி தள்ளுகின்றது. வெயிலில் நின்று அலைபவன் உழவன். தன் பெயரைத் தன் மொழியில் எழுத மறுத்ததன் தண்டத்தை அவன் செலுத்துகின்றான்.

அடுத்து, இவ்வேலை எவர்க்குக் கிடைக்கின்றது? சில கோடி, பல கோடி ஆண்டு விற்றுமுதல், முன்னரே இத்தகைய வேலை செய்த சான்று, பெருந்தொகை முன்வைப்பு என்று பெரும்பாலும் வாயிலிலேயே வேலி போடப்படுகின்றது. காந்திகிராமத்திலும் இம்மாவட்டப் பொறியியற் கல்லூரிகளிலும் கணிப்பொறி கற்ற இளைஞர் நால்வர் சேர்ந்து ஒரு குழு அமைத்தால், அவர்களால் அவ்வேலியை எட்டிப் பார்க்கவும் இயலாது. வேலை கிடைத்தால்தான் பட்டறிவு. பட்டறிவு இருந்தால்தான் வேலையாம்! நடுவண் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைச் சிறுதொழில்களிடம் வாங்கவேண்டும் என்று ஆணை உள்ளது. ஆனால் நூறு கோடி வேலையை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் அதனைச் சிறியவன் எங்ஙனம் தூக்குவான்?

பெருவேலையைப் பெருநிறுமமே செய்ய இயலும் என்பது எதிர்வாதம். 2021 சூன் 7-இல் திறந்த வருமான வரித் தளம் திங்கட்கணக்கில் தள்ளாடியதையும், நிறுமத் தலைவரை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டதையும் நாடறியும். பெருமை திறத்துக்குப் பிணையாகாது. அதற்காகச் சிறுகுழுக்கள் எல்லாம் தூயவை என்றும் நாம் சொல்லவில்லை. தமிழனே ஒப்பந்தக்காரனாயினும் திறவுகோலை அவனிடம் விடலாகாது என்பதே 2020 தந்த பாடம்.

ஆகவே, நம் கோரிக்கைகள் இவை:

1. தரவு வேலைக்கான ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியும் ஒப்பந்தமும் தமிழில் வெளிவருக. வழக்கில் தமிழ்ப் படியே செல்லுபடியாகுக.

2. கடவுச்சொல் அரசு அலுவலர் கையிலன்றிப் பிறர் கைக்குப் போகற்க. எவர், எந்நாள், எதற்காகத் திறந்தார் என்னும் குறிப்பேடு காக்கப்படுக. ஒப்பந்தம் முடிந்தால் படி ஒன்றும் நிறுமத்திடம் எஞ்சற்க; எஞ்சினால் ஒறுக்கப்படுக.

3. வேலைகள் மாவட்ட அளவில் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுக. விற்றுமுதல் வேலிக்கு மாற்றாக, செய்துகாட்டும் தேர்வு வைக்கப்படுக.

4. பெயர்கள் தமிழ் எழுத்தில் முதலிற் பதியப்படுக. ஆங்கிலம் அதிலிருந்து பெறப்படுக.

5. பயிர்க் கணக்கின் பயன் முதலில் உழவனைச் சேர்க. ஆள் பெயர் இன்றி, பயிர்வாரியான மொத்தப் பரப்பளவு அறுவடைக்கு முன்பே ஒட்டன்சத்திரச் சந்தையிலும் நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் தமிழில் எழுதி வைக்கப்படுக. வாங்குபவன் அறிந்ததை விற்பவனும் அறியட்டும்.

இவற்றுள் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் வேலையன்று. ஓர் ஆணையில் முடிவன சில. ஒரு திங்களில் முடிவன சில. செய்ய மனமில்லாமையே குறை.

திண்டுக்கல் இளைஞர்களே! உங்கள் ஊராட்சியின் ஊரவைக் கூட்டம் கூடுமன்று இதனைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். உங்கள் மாவட்டத்தில் எந்தத் துறை எந்த நிறுமத்திடம் எந்தத் தரவை ஒப்படைத்துள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்வழி தமிழில் எழுதிக் கேளுங்கள். விடையைத் தமிழில் பெறுங்கள். பெற்ற விடையை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். கும்பினி அளந்த காலத்தில் நம் முன்னோர்க்குக் கேட்கும் வழி இல்லை. நமக்கு உண்டு. வழியிருந்தும் வாய் திறவாதவன், தன் வீட்டுத் திறவுகோலைத் தானே வழிப்போக்கனிடம் நீட்டியவன் ஆவான்.